கழற்றி வைத்த படங்கள்

தங்கை வருவதற்கு முந்தின நாள் மத்தியானம், அக்கா கூடத்தில் ஸ்டூலைப் போட்டு ஏறி நின்று, சுவரில் தொங்கிய படங்களில் சிலவற்றை மட்டும் கழற்றிக்கொண்டிருந்தாள். அவள் கணவர் வேலை சீக்கிரம் முடிந்து வந்துவிட்டார். வாசலில் நின்றபடியே கேட்டார்.

"என்ன பண்ற?"

"தூசி தட்றேன்."

"தூசி தட்றவ படத்தை எதுக்குக் கழட்டி ஃபைல்ல வைக்கிற?"

அவள் அடுத்த படத்தைக் கழற்றினாள்.  அவர் கருவிப் பையைக் கீழே வைத்துவிட்டு, ஃபைலில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். எல்லாவற்றிலும் ஒரு பெண் நின்றாள். உருண்டைத் தலை, குச்சிக் கை, கையைவிடப் பெரிய விரல்கள். அவள் காலடியில் கோணல் எழுத்தில் ஒரே சொல்: அம்மா. நடுவில் உள்ள 'ம்'மின் புள்ளி சூரியன் அளவுக்கு இருந்தது.

அந்தப் பெண் அக்காதான். ஆனால் படத்தை வரைந்த சிட்டுவுக்கு அவள் அம்மா இல்லை, பெரியம்மா.

சிட்டுவைப் பெற்றவள் தங்கை. சிட்டு நடக்கப் பழகிய மழைக்காலத்தில், தங்கையின் கணவன் வேலை முடிந்து வண்டியில் வரும்போது லாரியில் அடிபட்டுச் செத்துப்போனான். அதற்குப் பிறகு தங்கை பழைய ஆளாக இல்லை. தட்டை எதிரில் வைத்தால் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள். குழந்தை அழுதால், யார் வீட்டிலோ அழுகிறது என்பது போல உட்கார்ந்திருப்பாள். ஒரு நாள் பக்கத்து வீட்டுக்காரி கதவைத் தட்டித் தட்டிப் பார்த்து, ஆளைக் கூப்பிட்டு உடைத்து உள்ளே போனபோது, அடுப்பில் பால் பாத்திரம் கருகி வீடெல்லாம் புகை. தங்கை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அவள் முதுகில் சாய்ந்தபடி குழந்தை தூங்கிப்போயிருந்தது.

அன்றைக்கே அக்காவும் அவள் கணவரும் போய்க் குழந்தையைத் தூக்கி வந்துவிட்டார்கள். தங்கையை வேறு ஊரில் மனநல மருத்துவமனையில் சேர்த்தார்கள். ரெண்டு மாசத்தில் சரியாகிவிடும் என்றார் டாக்டர். ரெண்டு மாசம் நாலு வருஷமாக இழுத்தது. தங்கை தேறுவாள், வெளியே வருவாள், மறுபடியும் படுத்துவிடுவாள். அவள் தேறும்போதெல்லாம் அக்கா சந்தோஷப்பட்டாள். கூடவே சின்னதாக ஒரு பயமும் வரும். அந்தப் பயத்தை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அக்காவுக்கும் அவள் கணவருக்கும் குழந்தை கிடையாது. அவள் கணவர் லிப்ட் மெக்கானிக். ஊரில் பாதி அடுக்குமாடிகளுக்கு அவர்தான் பார்க்கிறார். அதனால் தெருவிலும் கடையிலும் அவருக்கு 'லிப்ட்காரர்' என்றே பெயர். அக்காவுக்கு ஜெராக்ஸ் கடையில் வேலை. மெஷினில் சிக்கிப் பாழான தாள்களைக் கடைக்காரர் தூக்கிப் போடச் சொல்வார். அவள் அவற்றை மடியாமல் அடுக்கி வீட்டுக்குக் கொண்டுவருவாள். அதன் வெள்ளைப் பக்கம்தான் சிட்டுவுக்கு. சிட்டு வரைந்த எந்தப் படத்தைத் திருப்பினாலும் பின்னால் யாருடைய வாழ்க்கையோ பாதி அச்சாகி நிற்கும். ஒரு வினாத்தாள், ஒரு வாடகை ஒப்பந்தம், எவளோ ஒருத்தியின் மார்க் ஷீட்.

முதலில் டேப் போட்டுத்தான் ஒட்டினார்கள். பெயிண்ட் பெயர்ந்து வந்ததும் வீட்டுச் சொந்தக்காரர் முகம் சுளித்தார். லிப்ட்காரர் வேலையில் மிஞ்சிய மெல்லிய இரும்புக் கம்பியைக் கொண்டுவந்து, கூடத்துச் சுவரில் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் இழுத்துக் கட்டினார். துணிக் கிளிப் வைத்து மாட்டினால் முடிந்தது. வீட்டுக்கு வருகிறவர்கள் யாராக இருந்தாலும் முதலில் அந்தச் சுவர்ப் பக்கம்தான் திரும்புவார்கள். சிலிண்டர் போட வந்த ஆள், "இது யானையா பாப்பா?" என்று கேட்டு, "இல்ல, எங்க அப்பா" என்று பதில் வாங்கிக்கொண்டு போனான். லிப்ட்காரர் ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அப்பா என்றும் அம்மா என்றும் கூப்பிட யாரும் சொல்லித்தரவில்லை. பள்ளிக்கூட வாசலில் மற்ற பிள்ளைகள் "அம்மா" என்று கத்திக்கொண்டு ஓடுவதைப் பார்த்து, சிட்டுவும் அப்படியே கத்திக்கொண்டு ஓடிவந்தாள். "பெரியம்மான்னு சொல்லணும்" என்று அக்கா திருத்தினாள். மறுநாளும் திருத்தினாள். பிறகு ஒரு நாள் காய்ச்சலில் படுத்திருந்த குழந்தை "அம்மா, தண்ணி" என்று கேட்டபோது அவள் தண்ணீரை மட்டும் கொடுத்தாள். அதற்கப்புறம் திருத்தவே இல்லை.

தங்கையிடமிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் போன் வரும். திரையில் முகம் தெரியும். இரண்டு பேருக்கும் பேச ஒன்றும் இருக்காது. "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன்." "என்ன கலர் கவுன் அது?" "மஞ்சள்." சிட்டு அவளுக்கு 'போன் அம்மா' என்று பெயர் வைத்திருந்தாள்.

அந்தத் தங்கைதான் நாளைக்கு வருகிறாள். ஒரு வருஷமாக நன்றாக இருக்கிறாள். மாத்திரை ஒன்றாகக் குறைந்திருக்கிறது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவள் பார்த்துவந்த வேலையும் திரும்பக் கிடைத்துவிட்டது. எதற்கு வருகிறாள் என்று போனில் சொல்லவில்லை. சொல்லாமலே அக்காவுக்குத் தெரியும்.

"அவ பார்த்தா உடைஞ்சு போயிடுவா" என்றாள் அக்கா, ஸ்டூலிலிருந்து இறங்கி. "இப்பத்தான் எழுந்து நடக்கிறா. வாசல்ல கால் வெச்சதும் இதைப் பார்க்கணுமா?"

"அது சரி. சிட்டு கேட்டா என்ன சொல்லுவ?"

சிட்டு சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, பையைக்கூட இறக்காமல் சுவருக்கு எதிரில் நின்றுவிட்டாள். கம்பியில் நடுநடுவே வெறும் கிளிப்புகள்.

"என் படமெல்லாம் எங்கம்மா?"

"சுவர்ல ஈரம் கண்ணு. நனைஞ்சிடுமேன்னு எடுத்து வெச்சேன்."

சிட்டு போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். கன்னத்தையும் வைத்துப் பார்த்தாள்.

"ஈரமே இல்லையே."

"காய்ஞ்சிருக்கும்."

"அப்ப மாட்டு."

"நாளைக்கு ஆள் வர்றாங்கல்ல, அவங்க போனதும் மாட்டலாம்."

சிட்டு வேறெதுவும் கேட்கவில்லை. சாப்பிடும்போது மட்டும் தட்டைப் பார்த்துக்கொண்டே, "அதெல்லாம் நான் நல்லா வரையலையா?" என்றாள். லிப்ட்காரர் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். அக்கா, "ரொம்ப நல்லா வரைஞ்சிருக்க, சாப்பிடு" என்றாள். குழந்தை நம்பவில்லை என்பது அது மென்ற விதத்திலேயே தெரிந்தது.

மறுநாள் தங்கை வந்தாள். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது. செருப்பைக் கழற்றி ஓரமாக, மற்ற செருப்புகளில் படாமல் வைத்தாள்.  எங்கே போனாலும் செருப்பை உதறிவிட்டு ஓடுகிறவள் இப்போது விருந்தாளி மாதிரி வந்து நிற்கிறாள்.

"உள்ள வாடி, என்ன வாசல்லயே நிக்கிற?"

"மாமா எப்படி இருக்கீங்க?"

"எனக்கென்ன, ஏறி இறங்கிக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார் லிப்ட்காரர். அவருடைய வழக்கமான ஜோக். தங்கை சிரித்தாள். பழைய சிரிப்புதான்.

சிட்டு கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்தாள். தங்கை அவளை வா என்று கூப்பிடவில்லை. தரையில் உட்கார்ந்து சுவரைப் பார்க்க ஆரம்பித்தாள். நெடுநேரம் பார்த்தாள். அப்படிப் பார்ப்பது குழந்தையை மெல்ல வெளியே இழுத்தது.

"இது பூனையா?"

"நாய்."

"இது?"

"இது எங்க மிஸ். கோவமா இருக்காங்க."

"நடுவுல கிளிப் மட்டும் தொங்குதே. அங்க படம் இல்லையா?"

"அம்மா எடுத்துட்டாங்க" என்றாள் சிட்டு. சொல்லிவிட்டு அக்காவைக் கையால் காட்டினாள். "நீங்க வர்றீங்கன்னு."

 அக்காவுக்குத் தரை பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை போல இருந்தது. முந்தின நாள் தானும் கணவரும் பேசியது எதுவும் குழந்தைக்குத் தெரியாது என்று நினைத்திருந்தாள். 'ஆள் வர்றாங்க' என்ற ஒரு வார்த்தை போதுமாயிருந்திருக்கிறது.

தங்கைதான் முதலில் பேசினாள். "எனக்குக் காட்டுவியா அதை?"

சிட்டு அக்காவின் முகத்தைப் பார்த்தாள். அக்கா தலையாட்டினாள். குழந்தை கட்டிலுக்கு அடியில் புகுந்து ஃபைலை இழுத்து வந்தாள். எங்கே வைத்திருக்கிறது என்பதும் அதற்குத் தெரிந்திருந்தது. படங்களைத் தரையில் வரிசையாகப் பரப்பினாள். எல்லாப் படத்திலும் ஒரு பெட்டி. பெட்டிக்குள் மூன்று பேர்.

"இது லிப்ட். இது அப்பா. இது நான். இது அம்மா."

"எல்லாரும் ஏன் லிப்ட்லயே நிக்கிறீங்க?"

"கதவு மூடிட்டா யாரும் விழ மாட்டாங்க. அப்பா சொன்னாங்க."

தங்கை ஒவ்வொன்றாக எடுத்து மடியில் வைத்துப் பார்த்தாள். பிறகு, ரொம்ப சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டாள்.

"நான் எங்க இருக்கேன் இதுல?"

"இதோ." சிட்டு விரலை வைத்துக் காட்டினாள். படத்திலிருந்த அம்மாவின் பெரிய விரல்களுக்கு நடுவே ஒரு குட்டிச் சதுரம். சதுரத்துக்குள் இரண்டு புள்ளிக் கண்ணும் ஒரு வாயும். "போன்ல."

தங்கை சிரித்தாள். "ஆமா, நான்தான். எவ்வளவு சரியா வரைஞ்சிருக்க" என்றாள். பிறகு எழுந்து முகம் கழுவப் போனாள். குழாய் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

அக்கா சமையலறையில் காத்திருந்தாள். தங்கை முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து மேடை ஓரத்தில் சாய்ந்து நின்றாள்.

"எனக்காகத்தானே எடுத்த?"

"உனக்கு வலிக்குமேன்னு..."

"வலிக்குதுதான். நீ அதை ஒளிச்சு வெச்சா மட்டும் வலிக்காதாக்கா? நாலு வருஷம் நீ வளர்த்தது வளர்த்ததுதானே. சிட்டு என்னமோ தப்புப் பண்ணிட்ட மாதிரி முழிக்கிறா பாரு."

அக்கா பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். தேய்த்ததையே தேய்த்தாள்.

"கூட்டிட்டுப் போகணும்னுதான் வந்தேன்" என்றாள் தங்கை. "வீடு பார்த்துட்டேன். சின்ன வீடுதான். கீழேயே ஸ்கூல் வேன் வரும். ஆனா இப்ப, இதைப் பார்த்தப்புறம், எனக்குக் கேக்க வாயே வரல. நீ வேணாம்னு சொல்லு. நான் சத்தியமா விட்டுட்டுப் போயிடறேன். மாசம் ஒரு தடவை வந்து பார்த்துக்கறேன்."

அக்கா குழாயை மூடினாள். அந்த நேரத்தில் அவள் மனசில் என்ன ஓடியது என்பதைப் பின்னாளில் கணவரிடம் மட்டும் சொன்னாள். 'வேணாம்' என்ற சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் தங்கை கேட்டிருப்பாள். பழியும் வந்திருக்காது. ஆனால் தங்கை மேடையைப் பிடித்திருந்த கை நடுங்குவதை அவள் பார்த்துவிட்டாள். சின்ன வயசில் ஊசி போடப் போனாலும், பரீட்சைக்குப் போனாலும் அந்தக் கை அப்படித்தான் நடுங்கும். அதைப் பிடித்துக்கொண்டு போனவள் இவள்தான்.

"உன் பொண்ணு. நீ கூட்டிட்டுப் போறதை நான் யாரு வேணாம்னு சொல்ல?" என்றாள். "பரீட்சை முடியட்டும். அது வரைக்கும் வாரா வாரம் வந்துட்டுப் போ. முகம் பழகட்டும்."

அன்று சாயங்காலமே எல்லாப் படமும் திரும்பக் கம்பியில் ஏறியது. சிட்டு மட்டும் அதற்கப்புறம் புதிதாக எதுவும் வரையவில்லை. ஜெராக்ஸ் தாள்கள் மூலையில் சேர்ந்துகொண்டே போயின. "ஏன் கண்ணு, வரையலையா?" என்று கேட்டால், "அப்புறம்" என்பாள்.

தங்கை வாரா வாரம் வந்தாள். ஷூ லேஸ் கட்டச் சொல்லிக்கொடுத்தாள். தலை வாரினாள். முதலில் கோணலாகத்தான் வாரினாள், பிறகு நேரானது. சிட்டு அவளோடு பூங்காவுக்குப் போனாள், சிரித்தாள், கையைக்கூடப் பிடித்துக்கொண்டாள். அவளை 'நீங்க' என்று கூப்பிடுவதை மட்டும் விடவில்லை.

பரீட்சை முடிந்தது. கிளம்புகிற அன்று காலையில் தங்கை தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அக்கா, இந்தப் படமெல்லாம் நான் எடுத்துட்டுப் போகட்டுமா? அங்கயும் இதே மாதிரி மாட்டினா அவளுக்குப் புது இடமா இருக்காது."

ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்று அக்கா யோசித்தாள். கேட்டிருந்தால் தங்கை பத்துக் கொடுத்திருப்பாள். அதற்குள் சிட்டு, "எல்லாத்தையும் எடுத்துக்கலாம். ஒண்ணு கூட விடக் கூடாது" என்று கத்தியபடி கிளிப்புகளைக் கழற்ற ஆரம்பித்துவிட்டாள். குழந்தை அத்தனை உற்சாகமாக இருந்தது அக்காவுக்கு வேடிக்கையாகவும் வேதனையாகவும் இருந்தது. ஏன் அந்த உற்சாகம் என்று அப்போது அவளுக்குப் புரியவில்லை.

எல்லோருமாகவே போனார்கள். தங்கையின் வீடு மாடியில் இருந்தது. ஒரு அறை, ஒரு சமையல் இடம். புதுப் போர்வை, புது பக்கெட், விலைச் சீட்டுக் கிழிக்காத குட்டி நாற்காலி. லிப்ட்காரர் சுவரில் துளை போட்டுக் கம்பியை இழுத்துக் கட்டினார். இழுத்துப் பார்த்து, "நாம தொங்கினாலும் அறுந்து விழாது" என்றார். சிட்டு ஒவ்வொரு படமாகச் சொல்லச் சொல்ல, தங்கை மாட்டினாள். "அது இல்ல, நாய் முதல்ல. அப்புறம் மிஸ்." பழைய வீட்டில் இருந்த அதே வரிசை. அக்கா கிளிப் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கடைசிப் படமும் ஏறியது. எல்லோரும் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார்கள். நன்றாகத்தான் இருந்தது.

"நேரமாச்சு, கிளம்பலாம்" என்றார் லிப்ட்காரர், யார் முகத்தையும் பார்க்காமல்.

உடனே சிட்டு வாசலுக்கு ஓடினாள். உட்கார்ந்து தன் ஷூவை எடுத்து மாட்ட ஆரம்பித்தாள். புதிதாகக் கற்ற முடிச்சை நாக்கைக் கடித்துக்கொண்டு போட்டாள். போட்டு முடித்து எழுந்து அக்காவின் கையைப் பிடித்தாள்.

"படம் மாட்டியாச்சு. வீட்டுக்குப் போலாம் வாம்மா."

எத்தனை தடவை சொல்லியிருந்தார்கள். இனிமேல் இங்கேதான் என்று உட்காரவைத்துச் சொல்லியிருந்தார்கள். அதற்கெல்லாம் அவள் தலையாட்டியும் இருந்தாள். ஆனால் எல்லோரும் சேர்ந்து வந்து, எல்லோரும் சேர்ந்து திரும்புவோம் என்றே அவள் விளங்கிக்கொண்டிருக்கிறாள். படம் இங்கே இருக்கும், போன் அம்மாவுக்குத் துணையாக. நாம் வீட்டுக்குப் போய்விடுவோம்.

சுவரில் ஈரம் என்று சொன்னது போல இப்போதும் ஏதாவது சொல்லிவிட்டுப் போய்விடலாம். கடைக்குப் போய்விட்டு வருகிறோம் எனலாம். அக்கா அப்படிச் சொல்லவில்லை. குழந்தைக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"நீ வரலை கண்ணு. நானும் அப்பாவும் மட்டும்தான் போறோம். நீ இங்க உன் அம்மாகூட இருக்கப் போற."

"நீதானே அம்மா?"

"நான் உன் பெரியம்மா. உன்னைப் பெத்தவங்க இவங்க. உடம்பு சரியில்லாததால நான் பார்த்துக்கிட்டேன். இப்ப சரியாயிடுச்சு."

சிட்டு அவளையே பார்த்தாள். பிறகு கையை உதறிக்கொண்டு உள்ளே ஓடி, எட்டிக் குதித்துப் படங்களை இழுத்தாள். "அப்ப என் படத்தைக் குடுங்க! என் படத்தைக் குடுங்க!" கிளிப்புகள் தெறித்து விழுந்தன. ஒரு தாள் நடுவில் கிழிந்தது. லிப்ட்காரர் தூக்கப் போனார். தங்கை கையைக் காட்டி நிறுத்தினாள். அவள் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது, ஆனால் அவள் உட்கார்ந்துவிடவில்லை.

"மாமா, நீங்க கிளம்புங்க. அக்கா, நீயும் போ. நான் பார்த்துக்கறேன். நான்தான் பார்த்துக்கணும்."

படியிறங்கும்போது அழுகை மாடி முழுக்கக் கேட்டது. "அம்மா" என்றுதான் அழுதாள். ஒவ்வொரு படியிலும் அக்காவுக்குக் கால் பின்னால் இழுத்தது. தெருவுக்கு வந்தும் அது கேட்பது போலவே இருந்தது. பஸ்ஸில் லிப்ட்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் புடவைத் தலைப்பில் ஒரு துணிக் கிளிப் மாட்டிக்கொண்டிருந்ததை வீட்டுக்கு வந்துதான் பார்த்தாள்.

கொஞ்ச நாளைக்கு நீங்கள் குழந்தையிடம் பேசாமலிருப்பது நல்லது என்று தங்கையின் டாக்டர் சொல்லியிருந்தார். தங்கைதான் அவ்வப்போது கூப்பிட்டு விவரம் சொன்னாள். சாப்பிட மாட்டேனென்கிறாள். படங்களைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்குகிறாள். இன்றைக்கு ஒரு இட்லி அளவுக்காவது உள்ளே போனது. இன்றைக்கு நாய்ப் படத்தை மட்டும் தானே எடுத்து மாட்டினாள். அக்கா எல்லாவற்றையும் "சரி, சரி" என்று கேட்டுக்கொண்டாள். உடனே ஓடிப்போய்த் தூக்கி வந்துவிட வேண்டும் போல இருக்கும். போகவில்லை.

பள்ளிக்கூடம் திறந்த பிறகு ஒரு காலை. ஜெராக்ஸ் கடையில் கூட்டம். மெஷினை ஓடவிட்டு அக்கா தாள் அடுக்கிக்கொண்டிருந்தபோது தங்கை கூப்பிட்டாள். குரல் தடுமாறியது. 

"என்னடி ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலக்கா. இன்னைக்குக் காலைல... சட்டைப் பட்டன் போட வரலைன்னு என்கிட்ட வந்தா. 'அம்மா, பட்டன் போட்டுவிடு'ன்னா. 'போட்டுவிடுங்க'ன்னு சொல்லல. 'போட்டுவிடு'ன்னா. நான் ஒண்ணும் காட்டிக்கல. போட்டுவிட்டு, வேன் ஏத்திவிட்டுட்டு, மேல வந்து ஓன்னு அழுதுட்டேன்."

மெஷின் தாளைத் துப்பிக்கொண்டே இருந்தது.

"அக்கா? இருக்கியா?"

"இருக்கேன்டி."

"உன்கிட்ட இதைச் சொல்லியிருக்கக் கூடாதுல்ல?"

"என்கிட்ட சொல்லாம வேற யார்கிட்ட சொல்லுவ?" என்றாள் அக்கா. "நல்லா இரு. ரெண்டு பேரும் நல்லா இருங்க."

போனை வைத்துவிட்டு எதிரில் நின்றவரிடம், "எத்தனை காப்பி?" என்று கேட்டாள். அவர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். திரும்பவும் சொன்னார்.

சாயங்காலம் லிப்ட்காரர் கையெல்லாம் கிரீஸோடு வந்தார். கை கழுவும் முன்பே அவள் விஷயத்தைச் சொன்னாள்.

"நல்ல விஷயம்தானே" என்றார்.

"நல்ல விஷயம்தான்."

அவர் குழாயடியில் சோப்பைக் குழைத்துக்கொண்டு நின்றார். தண்ணீரைத் திறக்கவில்லை.

"அப்ப என்னை இனிமே என்னன்னு கூப்பிடுவா?"

"பெரியப்பான்னுதான்."

"பெரியப்பா" என்று அவர் ஒரு தடவை தனக்குள் சொல்லிப் பார்த்தார். "பரவாயில்ல. நல்லாத்தான் இருக்கு கேக்க."

 குழந்தை போனதிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனிதர், சோப்பு நுரைக் கையோடு சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு தோள் குலுங்க அழுதார். அக்கா போய்க் குழாயைத் திறந்தாள். அவர் கைகளை எடுத்து, விரல் விரலாகக் கிரீஸைக் கழுவிவிட்டாள்.